அஞ்சு வாரம்தான் நிற்கும்

எமல்டா வாளித் தண்ணீரில் ஒரு கை சோப்புத்தூளை அள்ளிப் போட்டுக் கலக்கினாள், நுரை போதாது போல இருந்தது, இன்னும் அரைக் கை போட்டாள். ஒரு காருக்கு எவ்வளவு சோப்புத்தூள் என்று அவளுக்கு என்ன தெரியும், இந்த நீல வண்டி வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் அவள் அதைக் கழுவியதே கிடையாது, வீட்டுக்காரர் கஸ்பார் தொட விட்டால்தானே. தொட்டால் கைரேகை விழும் என்பார், துடைத்தால் கீறல் விழும் என்பார், மாதா கோயில் திருநாளுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் பேச்சு மும்முரத்தில் பானட்டில் கையை ஊன்றிவிட்டார் என்று மனுஷன் அன்றைக்கு மத்தியானச் சோறே இறங்காமல் உட்கார்ந்திருந்தார், பிரியாணி அப்படியே கிடந்தது. இப்போது மணி எட்டரை. பத்து மணிக்கு நாசரேத்திலிருந்து தவசிங் வாத்தியார் வருகிறார், வண்டியைப் பார்ப்பார், பிடித்திருந்தால் இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார், பிடிக்காமல் எங்கே போகும், மூன்று வருஷத்தில் ஒரு சிராய்ப்பு இல்லை. கவரை உருவிச் சுருட்டி வைத்தபோதுதான் தூசி தெரிந்தது, கவரையும் மீறி எங்கிருந்துதான் வருமோ, இப்படிக் காட்டினால் நன்றாக இருக்காது என்றுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கஸ்பார் உள் அறையில் நாற்காலியில் இருக்கிறார், உப்புமா சாப்பிட்டாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறாள், அந்த ஜன்னல் பின்பக்கத்துக் கிணற்றைப் பார்த்தது. கார் நிற்கிற முன்பக்கத்தைப் பார்க்கிற ஜன்னல் அந்த அறைக்குக் கிடையாது. வேண்டுமென்றே அந்தப் பக்கம் உட்கார வைத்தாளா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள், யாரும் கேட்கப்போவதில்லை, தண்ணீர் சத்தம் கேட்கும், கேட்கட்டும், அவருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை.

வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது அஞ்சு வாரம். ஓட்டத் தெரியாது, எண்ணெய் எங்கே ஊற்றுவது என்று தெரியாது, ஆனால் அஞ்சு வாரம் தெரியும், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் இருக்கிற, வண்டிப் பளபளப்புக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாக்ஸ் புட்டியில் ஆறு மாதப் பாதுகாப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதல் புட்டி வாங்கி வந்த அன்றைக்கே கஸ்பார் அதைப் படித்துவிட்டு, "இத எழுதுனவன் தூத்துக்குடிப் பக்கமே தல வச்சிப் படுத்திருக்க மாட்டான்" என்றார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், காற்று அடித்தால் உப்பு, காற்று நின்றால் துறைமுகத்து நிலக்கரித் தூசி, இந்த ஊரில் வந்து எந்தப் பூச்சு ஆறு மாதம் நிற்கும். அப்புறம் அவரே கணக்கெடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு செம்பு வெறும் தண்ணீர், பானட்டில் ஊற்றுவார், ஊற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பார், தண்ணீர் உருண்டை உருண்டையாகத் திரண்டு நின்றால் வாக்ஸ் இருக்கிறது, பாய் விரித்தது போலப் பரவி வழிந்தால் வாக்ஸ் போய்விட்டது. நின்னா இருக்கு, படுத்தா போச்சு. அதுதான் அவர் சொல்கிற சொல். வெயில் காலத்தில் ஆறு வாரம்கூட நின்றது, மழைக் காலத்தில் நாலு, நடுவிலே வைத்து அஞ்சு என்று முடிவு கட்டினார், அஞ்சாவது வாரம் சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன்னே ஆரம்பித்துவிடுவார், தகரம் சூடாகிவிட்டால் பூச்சு திட்டுத் திட்டாகப் பிடிக்குமாம், புஸ் புஸ் என்று இரண்டு அடி, மஞ்சள் துணியால் நேர்கோடாக ஒரு இழுப்பு, வட்டமாகத் துடைக்கவே கூடாது, வட்டமாகத் துடைத்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும். இதையெல்லாம் அவள் கேட்டாளா, கேட்கவே இல்லை, காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்ற குற்றத்துக்கு அத்தனையும் காதில் விழுந்து, இன்றைக்கு அவர் வாயே திறக்காதபோது அவள் தலைக்குள்ளே அந்தக் குரல் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக அடித்தது ஆகஸ்ட் மாதம் முதல் வாரம், திருநாளுக்கு முன்னே. அதற்குப் பதினேழாம் நாள் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு. இப்போது ஜனவரி கடைசி. அஞ்சு வாரம் என்ன, அஞ்சு மாதமே தாண்டிவிட்டது, நடுவிலே ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது, கவர் போட்டிருந்தாலும் உப்புக் காற்று கவருக்குள்ளே போகாதா. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாமா என்று தோன்றியது, பார்த்து என்ன ஆகப்போகிறது, இருந்தால் ஒரு அழுகை இல்லாவிட்டால் ஒரு அழுகை, வேலையைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பாஞ்சை நனைத்தாள். ஆனால் கை செம்புக்குத்தான் போனது. பானட்டில் ஊற்றினாள். தண்ணீர் அப்படியே பரவி, தூசியைக் கரைத்துக்கொண்டு, எந்த இடத்திலும் நிற்காமல் முன்பக்கமாக வழிந்து தரையில் விழுந்தது. படுத்துவிட்டது. தெரிந்ததுதானே, பின்னே என்ன எதிர்பார்த்தாள். அவர் கை கடைசியாகப் பட்ட பூச்சு அது, நல்ல கை பட்டது, முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டின கை, பத்து டன் பெட்டியைக் கப்பலுக்குள்ளே முட்டை வைப்பது போல இறக்கின கை, அது போட்ட பூச்சு எப்போது போயிருக்கும், செப்டம்பர் நடுவிலே போயிருக்கும், அப்போது அவள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள், அது போனது யாருக்கும் தெரியவில்லை. அழுகை வரவில்லை. சோப்பு நுரையை அள்ளிப் பானட்டில் தேய்த்தாள், போனது போனதுதான், இனி சோப்புத்தூள் போட்டால் என்ன, சாம்பல் போட்டுத் தேய்த்தால் என்ன.

பானட் முடிந்தது, கூரைக்கு முக்காலி வேண்டும், முக்காலி கையெட்டும் தூரத்தில் காருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இதுவும் ஒரு தொல்லை. வாசல் ஓரத்தில் சுவரை ஒட்டி இருக்க வேண்டிய முக்காலி, கொஞ்ச நாளாகக் காலையில் கோயிலிலிருந்து வந்து பார்த்தால் நடுவிலே கிடக்கிறது. பால்காரன் உட்கார்ந்துவிட்டுப் போகிறானோ, இல்லை அவளே செருப்பு மாட்டும்போது இழுத்துப் போட்டுவிட்டு மறந்து போகிறாளோ. மறதி வந்துவிட்டதோ என்று ஒரு பயம். ஐம்பத்தெட்டு வயதுதான். அவள் அம்மாவின் அக்கா ஒருத்தி அறுபதில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போய் நின்றாள், அந்த மாதிரி ஆகிவிட்டால் இவரை யார் பார்ப்பது, மகள் பெனிட்டா பெங்களூரில் இருக்கிறாள், அவளுக்கு அவள் பிள்ளைகள். கவரும் அப்படித்தான், எத்தனை இழுத்து மூடினாலும் வீட்டுப் பக்கம் ஒரு மூலை மட்டும் தினமும் தூக்கிக்கொண்டே நிற்கும், சாம்பல் பூனை ஒன்று உள்ளே புகுந்து படுக்கிறது, அதன் வேலைதான். அந்தக் கவர் ஒரு சனியன். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் வாசல் விளக்கில் வெள்ளையாக நீட்டிப் படுத்திருக்கும், ஆளை மூடி வைத்தது போல, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள். பெனிட்டா கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வண்டிப் பேச்சை எடுத்தாள். "நிக்கிற வண்டி கெட்டுப்போகும்மா, டயர் போகும், எலி வயரக் கடிக்கும், குடுத்துருங்க, அப்பா இனிமே எங்க ஓட்டப்போறாங்க." அப்பா இனிமே எங்க ஓட்டப்போறாங்க. அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள், அடுப்படியில் வைத்துத்தான் சொன்னாள், ஆனாலும் எமல்டாவுக்கு யாரோ முதுகில் குளிர்ந்த கையை வைத்தது போல இருந்தது, ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முக்காலியில் ஏறிக் கூரையைத் தேய்த்தாள். கேட்டாளே, அவரிடம் கேட்காமலா செய்தாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "இங்கேருங்க, நாசரேத்துல ஒரு வாத்தியாரு வண்டி கேக்காராம், குடுத்துருவமா" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத்தான் மாட்டாரே, பேச்சு கொஞ்சம் கொஞ்சம் வருகிறது, டாக்டரே சொன்னார் பேசப் பேசத்தான் தெளியும் என்று, ஆனால் அக்டோபரில் துறைமுகத்து சிநேகிதர் ஒருத்தர் போன் பண்ணினார், இவர் பேச்சைக் கேட்டுவிட்டு, "என்ன கஸ்பாரு, காலங்காத்தாலயே தண்ணியப் போட்டுட்டியா" என்று சிரித்துவிட்டார், விஷயம் தெரியாமல் சொன்னது, அன்றோடு வாயை மூடினவர்தான். ம். வேண்டாம். தண்ணி. அவ்வளவுதான் இந்த மூன்று மாதமும். செவ்வாய்க்கிழமையும் வாய் திறக்கவில்லை, இடது கையைத் தூக்கினார், இறக்கினார். அவள் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கடைக்கண்ணில்தான் பார்த்தாள். எதையோ செய்துகொள் என்று கையை உதறுவது போல இருந்தது. அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே வாத்தியாருக்குச் சொல்லியும் விட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கை மனசில் சிக்கிக்கொண்டது. உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்திருந்தது. கல்யாணமான புதுசில் கிரேன் சைகை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், கீழே நிற்கிறவன் கையைப் பார்த்துத்தான் மேலே இருக்கிறவன் வேலை செய்ய வேண்டும், விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு, விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை எதிரே காட்டினால் நிறுத்து, அந்தச் சைகை ஒன்றை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும், கப்பல் கேப்டன் காட்டினாலும் சரி, டீ கொண்டு வருகிறவன் காட்டினாலும் சரி. வீட்டில் சோறு போடும்போதுகூட விரலைச் சுற்றிக் காட்டுவார், அவளும் சிரித்துக்கொண்டே போடுவாள். செவ்வாய்க்கிழமை உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்தது. திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம், கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயம்.

கூரை முடிந்தது, அந்தப் பக்கத்துக் கதவு இரண்டும் முடிந்தது, நுரை காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது, தண்ணீரை அடித்து ஊற்றினாள். நீலம் தெரிந்தது, ஆனால் கஸ்பார் கழுவினால் வருகிற நீலம் இல்லை இது, என்னமோ பசி வந்த முகம் மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. முக்காலியை இழுத்துக்கொண்டு சுற்றி வந்தாள். இடுப்பு வலித்தது. பிசியோதெரபிக்கு வருகிற முத்துச்செல்வி நினைவுக்கு வந்தாள், நல்ல பெண், நவம்பரில் வந்தபோது ஒரு துண்டை மேசையில் விரித்து, "அப்பா, இந்த வலது கைய துண்டு மேல வச்சி, மேசய துடைக்கிற மாதிரி முன்னாடியும் பின்னாடியும் தள்ளணும்" என்றாள். கஸ்பார் துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இடது கையால் துண்டை எடுத்துக் கீழே போட்டார். அன்றைக்கு மட்டும் புதிதாக ஒரு வார்த்தை வந்தது, குழறலாக. "ஓட்டலா." நான் என்ன ஓட்டலில் மேசை துடைக்கிறவனா என்று கேட்கிறார் என்பது எமல்டாவுக்கு மட்டும் புரிந்தது. அத்தோடு சரி. பந்தை அமுக்க மாட்டார், துண்டைத் தள்ள மாட்டார், வாக்கர் வைத்துக் குளியலறை வரைக்கும் நடப்பார், அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டார். மனுஷன் விட்டுவிட்டார் என்று நினைத்தாள். சத்தம் போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒரு நாள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு ஊட்ட மாட்டேன் என்று அடுப்படியில் போய் உட்கார்ந்தாள், பத்து நிமிஷம்கூட அவளால் தாங்க முடியவில்லை. போதாக்குறைக்கு இந்த மாதம் ஒரு புதுப் பயம் வேறு. அவர் சட்டையைத் துவைக்கும்போது வலது கைப்பக்கம் ஒரு தித்திப்பு வாடை. ஆரஞ்சு மிட்டாயா பலாப்பழமா என்று சொல்ல முடியாத வாடை. சர்க்கரை வந்துவிட்டால் வேர்வையில்கூடத் தித்திப்பு வாடை வரும் என்று கோயிலில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள், உயிரே போய்விட்டது, ஏற்கெனவே வாதம், அதோடு சர்க்கரையும் என்றால் அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாரே என்று அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்து டெஸ்ட் எடுத்தாள். ஒன்றுமில்லை. சுத்தமான ரத்தம். அதற்கும் நிம்மதி வரவில்லை, டெஸ்ட் எடுத்தவன் சரியாக எடுத்தானோ என்னவோ என்று அடுத்த சட்டையையும் முகர்ந்து பார்த்தாள், அதே வாடை.

டிரைவர் பக்கத்துக் கதவையும் தேய்த்து அலசினாள். மிச்சம் இருந்தது வீட்டைப் பார்த்த பின்கதவு ஒன்றுதான். வாசல்படிக்கு நேர் எதிரே, படியிலிருந்து நாலு எட்டு, இடுக்கான இடம் என்பதால் கடைசிக்கு விட்டிருந்தாள். மணி ஒன்பதே முக்கால் இருக்கும். நுரை வற்றிப்போயிருந்தது, இன்னும் ஒரு கை சோப்புத்தூள் எடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தாள், அதற்கு முன் தூசி போகட்டும் என்று இடது கையால் ஒரு செம்பு தண்ணீரை மோந்து கதவில் வீசினாள். தண்ணீர் நின்றது. சோப்புத்தூளை அள்ளப்போன அவள் வலது கையும் அப்படியே நின்றது. கதவில், கைப்பிடிக்குக் கீழே, தண்ணீர் உருண்டை உருண்டையாகத் திரண்டு நின்றது, ஒன்றோடொன்று ஒட்டாமல், குண்டு குண்டாக. மேலே, ஜன்னலை ஒட்டின பாகத்தில், பரவி வழிந்து போய்விட்டது. கீழே மட்டும் நின்றது. அவள் இன்னொரு செம்பு ஊற்றினாள், அதே இடத்தில்தான் நின்றது, அதே உயரத்தில், ஆள் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினால் எட்டுகிற உயரம். மாதாவே என்று வாய் சொன்னது, மனசு இன்னும் அங்கே வரவில்லை, மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, ஆகஸ்டில் அடித்தது அஞ்சு வாரம் நிற்கும், மிஞ்சினால் ஆறு, பானட்டில் இல்லை கூரையில் இல்லை, ஒரு கதவில் மட்டும், கதவிலும் பாதியில் மட்டும் எப்படி நிற்கும். குனிந்து பார்த்தாள். இடது ஓரத்தில் தண்ணீர் நின்ற இடங்கள் துண்டு துண்டாக இருந்தன, இங்கே ஒரு கை அகலம், அங்கே ஒரு விரல் அகலம், நடுவிலே விட்டு விட்டு, கை நடுங்கினவன் துடைத்தது. வலது பக்கம் போகப் போகத் துண்டுகள் சேர்ந்தன. அப்புறம் கோடாக வந்தது. கடைசியில் ஒரு முழம் நீளத்துக்குத் தடங்கல் இல்லாமல், ஒரே இழுப்பாக, நேர்கோடாக. வட்டமாகத் துடைக்கவே கூடாது.

தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அவரை முன்வாசலில் காற்றுக்காக உட்கார வைத்துவிட்டுப் பூசைக்குப் போவாள், ஆறே முக்காலுக்கு வந்துவிடுவாள். ஒரு மணி நேரம். முக்காலி. கவரின் மூலை. பூனையைப் போட்டு எத்தனை திட்டு திட்டினாள், பாவம் அது. செருப்பு ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தாள், புட்டி அங்கேதான் இருந்தது, ஆகஸ்டில் பாதிக்கு மேல் இருந்த புட்டி, தூக்கிப் பார்த்தால் அடியில் இரண்டு விரல்கூட இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஆரஞ்சு மிட்டாய். பலாப்பழம். சர்க்கரை டெஸ்ட் எடுக்க ஆட்டோவில் போனபோது கஸ்பார் அவளை ஒரு மாதிரி பார்த்தாரே, ஏன் பார்க்கிறார் என்று அப்போது விளங்கவில்லை, திருடன் முழி அது, இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் தெரியாமல் போய்விட்டது. சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது, சோப்புத்தூள் கையால் துடைத்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். நாலு எட்டு நடந்திருக்கிறார். ஒரு படி இறங்கியிருக்கிறார். அவள் பார்க்கிற நேரத்தில் ஒரு துண்டைத் தள்ள மாட்டேன் என்ற மனுஷன், அவள் முழங்காலில் நின்று அவருக்காக மன்றாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், விழுந்தால் தூக்க ஒரு ஆள் இல்லாமல். கோபம் வந்தது. விழுந்திருந்தால் என்று படியைத் திரும்பிப் பார்த்தாள். சோப்புத்தூள் டப்பாவை மூடி வைத்தாள், ஒரு நிமிஷம் முந்தியிருந்தால் இதையும் அல்லவா தேய்த்திருப்பாள்.

உள்ளே போனாள். கஸ்பார் கிணற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் கிடந்த வலது கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையை முகர்ந்தாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இழுத்தார், உண்மையாகவே இழுத்தார், வலது கை ஒரு அங்குலம் அவர் பக்கம் போனது.

"எத்தன நாளா நடக்கு இது."

கஸ்பார் அவள் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அவள் கையைப் பார்த்தார், முழங்கை வரைக்கும் காய்ந்திருந்த வெள்ளை நுரையைப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, நின்று, திரும்ப ஆரம்பித்தது.

"ஏட்டி. சோப்புப் பொடியா... போட்ட."

மூன்று மாதத்தில் அவர் பேசின முதல் முழு வாக்கியம் திட்டாக வந்தது. குழறல்தான், ஆனால் ஒரு எழுத்து குறையவில்லை.

"மேல பூராவும் போட்டுட்டேன்" என்றாள் எமல்டா. "அந்தக் கதவுக்குப் போடல."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்தக் கதவு தப்பிவிட்டது என்ற நிம்மதியா, மற்றதெல்லாம் போய்விட்டதே என்ற எரிச்சலா, இரண்டும்தான். வெளியே கேட் கொண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா, நாசரேத்துலருந்து வந்திருக்கேன்" என்று ஒரு குரல். கஸ்பார் இடது கையைத் தூக்கினார். இந்த முறை அவள் போர்வை எதையும் மடித்துக்கொண்டிருக்கவில்லை, நேராகப் பார்த்தாள். விரல்கள் சேர்ந்திருந்தன. உள்ளங்கை அவளைப் பார்த்திருந்தது.

"சரி" என்றாள். "அன்னைக்கே நல்லாப் பாத்திருக்கணும். எம் மேலதான் தப்பு."

தவசிங் வாத்தியார் கையில் மஞ்சள் பையோடு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், ஒல்லியான மனிதர், பின்கதவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் இன்னும் அங்கே நின்றுகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க சார். வண்டி குடுக்கல."

"என்னம்மா, செவ்வாக்கெழம சரின்னு சொன்னீங்களே. வேற யாரும் கேக்காங்களா?"

"யாரும் கேக்கல. எங்க வீட்ல அவுக இதுல வேல பாத்துக்கிட்டு இருக்காக, எனக்குத் தெரியாமப் போச்சு." அவள் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள், முக்காலியை எடுத்து அது தினமும் கிடக்கிற இடத்திலேயே, பின்கதவுக்கு நேரே போட்டாள். "உள்ள வந்து உக்காருங்க, அவுகளப் பாத்துட்டு ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க. இப்பதான் அரைக் கதவு முடிஞ்சிருக்கு சார். இன்னும் மூணரைக் கதவு கெடக்கு."